வைஃபை கார்டு குற்றவாளியா?

“ஃபார்மேட் போட்டுடலாம் சார், சரியாகிடும்.”

திருமுக்கூடலிலிருந்து பாலாற்றைத் தாண்டி வாலாஜாபாத் போய், முடங்கிப்போன ஒரு மடிக்கணினியைக் கடை மேசையில் வைத்தால், மூடியைத் திறக்கும் முன்பே பெரும்பாலும் இந்த வார்த்தைதான் வரும். காஞ்சிபுரத்திலும் இதே. சென்னை ரிச்சி தெரு வரை போனாலும் ஏறக்குறைய இதே. நானும் இரண்டு முறை தலையாட்டினேன். கணினி என் அக்கா மகளுடையது. வைஃபை போட்டுப் பத்து நிமிடம் ஆனால் திரை உறைந்துபோகும். ஸ்பீக்கரில் கடைசியாக வந்த ஒலி ‘டர்ர்ர்’ என்று அங்கேயே சுற்றும். பிறகு நீலத் திரை. முதல் முறை ஃபார்மேட் போட்டு வந்தபோது ஆறு நாள் நன்றாக ஓடியது. ஏழாம் நாள் பழைய கதை. மறுபடி கடை, மறுபடி ஃபார்மேட், மறுபடி ஒரு வார நிம்மதி. அந்த இரண்டாம் முறையில் அவளுடைய கல்லூரிப் பிராஜெக்ட்டின் இரண்டு அத்தியாயங்கள் போயே போய்விட்டன.

அந்த ஆறு நாள் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. விண்டோஸ் புதிதாக ஏறும்போது, வைஃபை கார்டுக்குத் தன் கையிருப்பில் உள்ள பழைய டிரைவரைப் போட்டுக்கொள்கிறது. சில நாளில் அப்டேட் வழியாகப் புதிய டிரைவர் சத்தமில்லாமல் இறங்குகிறது. எங்கள் கணினியைக் கவிழ்த்தது அந்தப் புதியதுதான். ஃபார்மேட் நோயைத் தீர்க்கவில்லை, தவணை வாங்கிக் கொடுத்தது. கூடவே, நோய் என்னவென்று எழுதிவைத்திருந்த குறிப்பையும் அழித்துவிட்டது. அந்தக் குறிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். வைஃபை கார்டு என்பது தபால்தலை அளவுள்ள பொருள். இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் இருக்கும் எம்.2 வகைக் கார்டின் அளவு 22 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர். அது கெட்டால் இணையம் போகலாம். முழுக் கணினியும் ஏன் விழ வேண்டும்?

திருமுக்கூடலில் டிரைவர் என்றால் கல் லாரி ஓட்டுபவர். கணினியில் டிரைவர் என்பது ஒரு வன்பொருளை இயக்கத் தெரிந்த சிறு நிரல். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: தவறு செய்தால் அடி வாங்குவது அவர் மட்டுமல்ல. பிரவுசர், வேர்டு போன்றவையெல்லாம் வெளிப்பிராகாரத்தில் நடமாடுபவை. அவற்றில் ஒன்று விழுந்தால் அதை மூடிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். வைஃபை டிரைவர் நிற்பதோ கருவறைக்குள், இயங்குதளத்தின் கெர்னலில். அங்கே ஒரு பிசகு நடந்துவிட்டால் இயங்குதளம் தானாகவே நடையைச் சாத்திவிடுகிறது, இருக்கிற தரவாவது கெடாமல் இருக்கட்டும் என்று. நீலத் திரை என்பது அந்த நடை சாத்தல்தான். (விண்டோஸ் 11இன் புதிய பதிப்பில் 2025இலிருந்து அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. நிறம் மாறியதால் யார் துன்பமும் குறைந்ததாகத் தெரியவில்லை.)

இது வைஃபைக்கு மட்டும் உரிய சாபமல்ல. 2003இல் வெளிவந்த ‘நூக்ஸ்’ என்ற ஆய்வுக் கட்டுரை, விண்டோஸ் எக்ஸ்பி விழுந்ததாகப் பதிவான நிகழ்வுகளில் 85 விழுக்காட்டுக்குக் காரணம் டிரைவர்கள்தாம் என்ற கணக்கை மேற்கோள் காட்டியது. இன்னும் பெரிய சாட்சி 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் டிரைவர், தவறான ஒரு கோப்பைப் படித்ததால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதற்கும் வைஃபைக்கும் தொடர்பில்லை. ஆனால், கருவறைக்குள் ஒருவர் தடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வைஃபை டிரைவர் குழப்பத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. உத்திரமேரூர் வட்டாரத்தின் பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான். அரசின் எல்காட் நிறுவனம் வழியாக ஏசர், லெனோவோ உள்ளிட்ட பல நிறுவனங்கள் கொடுத்தன. மேலே ஒட்டிய முத்திரை ஒன்றானாலும் உள்ளே இருந்த வைஃபை கார்டு ஆண்டுக்கு ஆண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. “பக்கத்து வீட்டுப் பையனுதுக்கு இந்த டிரைவர் போட்டேன், ஓடுச்சு” என்று ஒரே சிடியை எல்லாக் கணினிக்கும் போட்ட கதைகள் அப்படித்தான் நடந்தன.

அந்த முதல் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பெரும்பாலான மாணவர்கள் செய்த முதல் வேலை, கடைக்குக் கொண்டுபோய் அந்த லினக்ஸை அழித்துவிட்டு, இடம் முழுவதையும் விண்டோஸுக்கே கொடுத்ததுதான். பாடல் போட, படம் பார்க்க அது வசதி. ஆனால் அவர்கள் தூக்கி எறிந்தது, கைச்செலவில்லாத ஒரு நோய்கண்டறியும் கருவி. விண்டோஸில் மட்டும் கணினி விழுந்து, லினக்ஸில் அதே வைஃபையில் மணிக்கணக்கில் ஓடினால் பழி பெரும்பாலும் டிரைவர் மேல். இரண்டிலும் விழுந்தால் வன்பொருளைப் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனை, வாங்கும்போதே பெட்டிக்குள் இருந்தது. இன்று அதே சோதனைக்கு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவ் போதும். எதையும் நிறுவ வேண்டாம். பென்டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கி, வைஃபையை இணைத்து, ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. கார்டுக்குள்ளேயே ஃபர்ம்வேர் என்ற தனி நிரல் ஓடுகிறது. அது செத்துப்போனால், லினக்ஸில் பல டிரைவர்கள் அதை எழுப்பி மறுபடி உட்கார வைத்துவிடும். இன்டெல் கார்டுகளில் ‘மைக்ரோகோட் பிழை’ என்று பதிவேட்டில் ஒரு வரி விழும், வைஃபை சில நொடி அறுந்து திரும்பும், அவ்வளவுதான். அதே கார்டு விண்டோஸில் ஆளையே சாய்க்கலாம். ஆகவே லினக்ஸில் விழவில்லை என்றதும் கார்டு நலம் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இடையிடையே அறுந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் பக்கமும் சுத்தமானதல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வைஃபை பரவிய முதல் பத்தாண்டில் லினக்ஸில் அது என்றாலே தலைவலி. கார்டு தயாரித்தவர்கள் விவரம் தரவில்லை. விண்டோஸுக்கு எழுதிய டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் இழுத்துப் போட்டு ஓட்டும் ‘என்டிஸ்ராப்பர்’ என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பலர் காலம் தள்ளினார்கள். வேறொரு ஊருக்கு எழுதிய பட்டாவை இங்கே காட்டி நிலம் உழுவது போன்ற வேலை அது. அடிக்கடி கணினி விழுந்ததில் வியப்பில்லை. பிராட்காம் நிறுவனம் 2010 செப்டம்பரில்தான் தன் சில புதிய கார்டுகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது. ரியல்டெக் 8723பிஇ கார்டு உள்ள சில மடிக்கணினிகளில் இன்னொரு விசித்திரம்: கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே சின்னச் சின்னப் பிழைகள் நொடிக்குப் பலமுறை நடந்து, தானே திருத்தப்பட்டு, ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டு, கடைசியில் வட்டே நிரம்பிக் கணினி நின்றுபோகும்.

இனி அந்தக் குறிப்பு. விண்டோஸ் விழும்போது, விழுந்த நொடியின் நிலையை ஒரு சிறு கோப்பாக எழுதிவைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் அது கிடக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச நிரலில் திறந்தாலே, எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று பெயர் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபக் இன்னும் ஆழமாகப் போகும். இன்டெல் வைஃபை டிரைவரின் பெயர் ‘நெட்’ என்று தொடங்கும். ரியல்டெக் என்றால் ‘ஆர்டி’, பழைய ஏதெரோஸ் என்றால் ‘ஏடிஎச்’, பிராட்காம் என்றால் ‘பிசிஎம்’ என்று பெயரின் முதல் எழுத்துகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஃபார்மேட் முதலில் அழிப்பது இந்த ஃபோல்டரைத்தான்.

நீலத் திரையின் பிழை எண்ணும் பேசும். வைஃபை வழக்குகளில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. டி1 என்றால், அவசர வேலையில் இருந்த டிரைவர் அந்த நேரத்தில் தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டது. 133 என்றால், நொடியின் சிறு பங்கில் முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமல் பிராசசரைப் பிடித்துவைத்துக்கொண்டது. முதலில் திரை உறைந்து, ஒலி சுற்றி, பிறகு விழுவது இதன் அடையாளம். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. 9எஃப் என்றால், தூங்கு என்றோ எழு என்றோ சொன்னபோது டிரைவர் பதில் சொல்லவில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் விழும் கணினிகளில் இதைப் பார்க்கலாம். எந்த எண்ணும் காட்டாமல், பொத்தென்று மின்சாரம் போனதுபோல் அணைந்தால் அது பெரும்பாலும் சூடு அல்லது பேட்டரி. வைஃபையை விட்டுவிட்டு விசிறியைப் பாருங்கள்.

பெயர் வந்துவிட்டது என்பதாலேயே தூக்கில் போடவும் முடியாது. இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு ஃபார்மேட் என்றால், இரண்டாவது தவறு இதுதான். ரேம் கெட்டிருந்தால், அந்தக் கெட்ட இடத்தில் யார் கால் வைக்கிறாரோ அவர் பெயர்தான் குறிப்பில் விழும். வைஃபை டிரைவர் ஓயாமல் நடமாடும் ஆள். அதனால் பள்ளத்தில் விழும் வாய்ப்பும் அதற்கு அதிகம். ஆன்டிவைரஸும் விபிஎன்னும் வலைப்பின்னல் பாதையில் தங்கள் வடிகட்டியைச் சொருகிவைக்கின்றன. அவை கொடுத்த குப்பையால் வைஃபை டிரைவர் விழுவதும் உண்டு. ஐந்து குறிப்புகளில் ஐந்திலும் ஒரே பெயர், ஒரே எண் என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயர் என்றால் ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது, காசு கேட்காதது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை முடக்குங்கள். ஏரோப்ளேன் மோடு போதாது. அது ரேடியோவைத்தான் நிறுத்தும், டிரைவர் உள்ளேயே இருக்கும். முடக்கிவிட்டு, கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, வழக்கமாக எவ்வளவு நேரத்தில் விழுமோ அதைப்போல் ஐந்து மடங்கு நேரம் வேலை செய்யுங்கள். விழவில்லையா, வழக்கு பாதி முடிந்தது. விழுந்ததா, கார்டு நிரபராதி, வேறு ஆளைத் தேடுங்கள்.

டிரைவர்தான் என்று தெரிந்த பிறகு எல்லோரும் புதியதைத் தேடி ஓடுகிறார்கள். பல நேரம் வேண்டியது பழையது. டிவைஸ் மேனேஜரிலேயே முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் உண்டு. அது மங்கிக் கிடந்தால், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று வைத்திருக்கும் டிரைவரை எடுப்பது நல்லது. பத்தாண்டு பழைய மாணவர் மடிக்கணினிகளின் நிலை வேறு. அவற்றில் பல விண்டோஸ் 7 காலத்தவை. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. பலர் விண்டோஸ் 10க்கு மாற்றினார்கள். அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு விண்டோஸ் 10 டிரைவரைத் தயாரித்தவர்களே எழுதவில்லை. பொதுவான ஒன்றை வைத்து ஓட்டுகிறார்கள், ஓடும்வரை ஓடும். இத்தகைய கணினிக்கு லினக்ஸ் போடுவதே என் பரிந்துரை. முதலில் அழித்ததையே திரும்பப் போடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இருக்கட்டும்.

மின்சேமிப்பும் ஒரு பெரிய குற்றவாளி, பேச்சில் அடிபடுவதே இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, வேலை இல்லாதபோது கார்டையும் அது உட்கார்ந்திருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையும் கணினி அரைத்தூக்கத்தில் வைக்கிறது. சில கார்டுகள் அந்தத் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. சார்ஜர் மாட்டியிருக்கும்போது விழாமல், பேட்டரியில் மட்டும் விழுகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் ‘மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்’ என்ற குறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். பேட்டரி கொஞ்சம் முன்னதாகத் தீரும். பரவாயில்லை.

இதுவரை சொன்னது மருந்து. கத்தி எடுக்கும் கட்டத்துக்குப் போகும் முன், திருமுக்கூடல் கோயிலுக்கு ஒரு நடை போய்வரலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் கரையில் நிற்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகளோடு இங்கே நடந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுபவர் என்று ஆளுக்கு ஆள் வேலை பிரித்திருக்கிறார்கள். நோய் பார்க்கும் வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் காசும். கத்தி பிடிப்பவருக்கு 30 கலம். நம் கணினிக் கடைகளில் கணக்கு தலைகீழ். ஃபார்மேட்டுக்கு இவ்வளவு, கார்டு மாற்ற இவ்வளவு என்று விலை உண்டு. என்ன நோய் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க விலையே கிடையாது. கேட்டால் நாமும் தரமாட்டோம், “சும்மா பாத்ததுக்கா காசு?” என்போம். மெக்கானிக் ஃபார்மேட்டை நோக்கி ஓடுவதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

திறந்து பார்க்க வேண்டி வந்தால், திருமுக்கூடலுக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது: தூசி. மதூர், சிறுதாமூர் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் லாரிகள் போகும் சாலை இது. அந்த மாவு போன்ற கல்தூள் விசிறி இறகிலும் சூடு கடத்தும் தகட்டிலும் அப்பிக்கொள்கிறது. மழைக்கால ஈரம் பட்டுக் காய்ந்தால் பத்தாகிவிடும். உள்ளே சூடு ஏறினால் ஓரத்தில் இருக்கும் கார்டும் சேர்ந்து வேகிறது. கார்டின் பொன்முலாம் பூசிய விளிம்பில் அழுக்குப் படிந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். நம் மெக்கானிக்குகள் அதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்ப்பார்கள். தேய்த்தபின் ரப்பர் துகளை ஊதித் தள்ள மறந்துவிடக் கூடாது. மற்றபடி அது கேலிக்குரிய வைத்தியமல்ல, பலமுறை பலித்திருக்கிறது. கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கார்டின் மேல் பொத்தான்போல் அமர்ந்திருக்கும் இரண்டு ஆன்டெனாக் கம்பிகளை நகத்தால் நேர் மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் போச்சு. அந்த இணைப்பிகள் முப்பது முறைக்கு மேல் மாட்டிக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கார்டு மாற்றுவது என்று முடிவானால், வாங்குவதற்கு முன் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2010களின் நடுப்பகுதி வரை வந்த சில மடிக்கணினிகளின் பயாஸில், இன்னின்ன கார்டுகளைத்தான் ஏற்பேன் என்று ஒரு பட்டியல் இருக்கும். அத்தகைய திங்க்பேடில் வேறு கார்டு செருகினால் 1802 என்ற பிழை எண்ணோடு அப்படியே நின்றுவிடும். இரண்டாவது பொறி புதியது. இன்டெல்லின் சில கார்டுகளில் பாதி மூளை பிராசசர் பக்கத்தில் இருக்கிறது, கார்டில் ரேடியோ மட்டுமே. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனித்து இயங்குபவை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல, ஏஎம்டி கணினியில் போட்டால் அசையாது. கடைசி எண் ஒன்றா சுழியமா என்று பார்க்காமல் ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு திரும்பினால், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் கார்டு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றும் பேச்சே இல்லை. அப்போது மிச்சமிருப்பது சில நூறு ரூபாய் விலையுள்ள யுஎஸ்பி வைஃபை. அழகில்லை, ஒரு துளையையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் கார்டை முடக்கிவிட்டு அதைச் செருகிக்கொண்டால், பெரும்பாலானோர் பிரச்சினை அன்றைக்கே முடிந்துவிடும்.

அக்கா மகளின் கணினியில் அதுகூடத் தேவைப்படவில்லை. பழைய டிரைவருக்குத் திரும்பி, அப்டேட் அதை மாற்றாதபடி நிறுத்தி வைத்திருக்கிறோம். உங்கள் கணினி விழத் தொடங்கியிருந்தால், கடைக்குக் கொடுக்கும் முன் மினிடம்ப் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதைத் திறந்து பார்க்கச் சம்மதித்தால், பார்த்ததற்கும் காசு கொடுங்கள்.